இரவு நிலத்தோற்ற ஒளிப்படக்கலையில் ஒளியூட்டல்

இரவு நிலத்தோற்ற ஒளிப்படக்கலையில் ஒளியூட்டல் என்பது, விண்மீன்கள் நிறைந்த வானத்தையும் அதன் கீழுள்ள மலை, மரம், நீர்நிலை, கட்டடம் முதலியவற்றையும் ஒரே படத்தில் பதிவு செய்யும்போது, இருளில் மறைந்துவிடும் நிலப்பகுதிக்கு ஒளிப்படக் கலைஞர் தாமே ஒளி சேர்க்கும் முறைகளைக் குறிக்கும். கைவிளக்கின் ஒளியைத் தூரிகை போல நகர்த்துதல், மங்கலான விளக்குகளை நிலையாக நிறுத்துதல், பிளாஷ் விளக்கைப் பயன்படுத்துதல், நிலவொளியைக் காத்திருந்து பயன்கொள்ளுதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இக்கட்டுரை இம்முறைகளை மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியில் உள்ள குன்றுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

ஒளியூட்டலின் தேவை

நிலவில்லாத தெளிந்த இரவில், விண்மீன்களின் ஒளியால் நிலத்தில் விழும் ஒளிச்செறிவு ஏறத்தாழ 0.001 இலக்சு மட்டுமே. உச்சியில் நிற்கும் முழுநிலவு தருவது ஏறத்தாழ 0.25 இலக்சு ஆகும். அதாவது முழுநிலவு நாளில் நிலம் நூறு மடங்குக்கும் மேலான ஒளியைப் பெறுகிறது. ஆனால் அதே நிலவு வானத்தையும் வெளுக்கச் செய்து பால் வழியை மறைத்துவிடுகிறது. எனவே பால் வழியைப் படம் பிடிக்க விரும்புவோர் நிலவற்ற இரவைத் தேர்கின்றனர். அவ்விரவில் கருங்கல் குன்றுகள் வானத்தின் முன் வெறும் கரிய நிழலுருவாகவே பதிவாகும். பாறையின் பிளவுகள், சரிவுகள், மரங்களின் கிளைகள் ஆகியவற்றைக் காட்ட வேண்டுமெனில் சிறிதளவு ஒளியைச் சேர்த்தாக வேண்டும்.

இங்கு சேர்க்க வேண்டிய ஒளி மிகவும் குறைவானது என்பது கவனிக்கத்தக்கது. நிலம் வானத்தைவிடப் பொலிவாக இருந்தால் பார்ப்பவருக்கு அது இரவாகத் தோன்றாது. பழகாத ஒருவர் செய்யும் முதற்பிழை, தேவையைவிடப் பன்மடங்கு ஒளியைப் பாய்ச்சுவதாகும்.

வரலாறு

பகலொளி இல்லாத இடத்தில் செயற்கை ஒளியால் படம் எடுக்கும் முயற்சி ஒளிப்படக்கலையின் தொடக்க காலத்திலேயே தோன்றியது. பிரான்சைச் சேர்ந்த நாடார் 1860களின் தொடக்கத்தில் பாரிசு நகரின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்களை மின்கலத்தால் இயங்கும் வில் விளக்குகளைக் கொண்டு படம் பிடித்தார். 1889 இல் எத்தியேன் சூல் மாரேயும் சியார்ச்சு தெமெனியும் மனித உடலில் சிறு விளக்குகளைப் பொருத்தி அதன் நடையை ஒளிக்கோடுகளாகப் பதிவு செய்தனர். 1935 இல் மான் ரே ஒரு சிறு விளக்கைக் காற்றில் அசைத்துத் தம் உருவப்படத்தின் மீது ஒளிக்கோடுகளை வரைந்தார். 1949 இல் ஒளிப்படக் கலைஞர் சோன் மிலி, ஓவியர் பிக்காசோ கைவிளக்கால் காற்றில் வரைந்த உருவங்களைப் படமாக்கினார்.

மேற்கண்டவற்றில் ஒளிக்கோடே படத்தின் பொருளாக அமைந்தது. இரவில் ஒரு பரந்த நிலக்காட்சியையே ஒளியூட்டிக் காட்டியவர்களுள் அமெரிக்காவின் ஓ. வின்ச்டன் லிங்க் குறிப்பிடத்தக்கவர். இவர் 1955 முதல் 1960 வரை நோர்போக் அண்டு வெச்டர்ன் தொடர்வண்டி நிறுவனத்தின் இறுதிக்கால நீராவி வண்டிகளை, ஒரே நொடியில் எரியும் பல பிளாஷ் குமிழ்களைக் கொண்டு இரவில் படம் பிடித்தார். கதிரவனைத் தாம் விரும்பிய இடத்தில் நிறுத்த முடியாது என்பதே இரவைத் தேர்ந்ததற்கு அவர் கூறிய காரணமாகும்.

மதுரை, இந்திய ஒளிப்பட வரலாற்றில் தொடக்கம் முதலே இடம்பெற்ற நகரமாகும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயசு திரைப் 1858 இல் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம் முதலியவற்றைப் படம் எடுத்தார். அவர் பயன்படுத்திய தாள் எதிர்ப்படிகள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் பிற நிறங்களுக்குக் குறைவாகவும் உணர்வு கொண்டவை. நிலம் சரியாகப் பதிவாகும் அளவுக்கு ஒளியைச் செலுத்தினால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். ஆதலால் அவர் தம் எதிர்ப்படிகள் சிலவற்றில் நிறமி பூசி முகில்களைச் சேர்த்தார். வானத்தையும் நிலத்தையும் ஒரே படத்தில் அடக்குவதில் உள்ள சிக்கல் பகலிலும் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

படச்சுருள் காலத்தில் நீண்ட நேரம் ஒளிபட்டால் சுருளின் உணர்திறன் குறைந்துவிடும். அதனால் விண்மீன்கள் புள்ளிகளாகத் தோன்றும் படங்களைப் பெறுவது கடினமாக இருந்தது. 2007 இல் அறிமுகமான நிக்கான் டி3 போன்ற, ஐஎஸ்ஓ 6400 வரை உணர்திறன் கொண்ட எண்மியக் கருவிகள் இந்நிலையை மாற்றின. 2019 இல் கூகுளின் பிக்சல் 4 கைபேசி, பல குறுகிய படங்களை ஒன்றிணைத்து விண்மீன்களைப் படமெடுக்கும் வசதியைத் தந்தது. முக்காலியில் நிறுத்தப்பட்ட கைபேசியைக் கொண்டே மாணவர் ஒருவர் இக்கலையைத் தொடங்க இயலும் நிலை இவ்வாறு உருவானது.

அடிப்படைக் கோட்பாடுகள்

ஒளிபடு நேரம்

புவியின் சுழற்சியால் வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. ஆகவே ஒளிபடு நேரம் நீண்டால் விண்மீன்கள் கோடுகளாகும். முழுச்சட்ட உணரி கொண்ட கருவியில், 500 என்னும் எண்ணை வில்லையின் குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் கிடைக்கும் நொடிகளே ஏறத்தாழ ஏற்கத்தக்க உச்ச நேரம் என்பது பரவலாகக் கையாளப்படும் விதியாகும். 20 மிமீ வில்லைக்கு இது 25 நொடிகள். சிறிய உணரி கொண்ட கருவிகளில் இந்நேரம் மேலும் குறையும். 20 நொடி, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 ஆகியவை பால் வழிப் படத்துக்கு வழக்கமான தொடக்க அளவுகளாகும்.

தீட்டும் ஒளியும் வான ஒளியும் வெவ்வேறு விதமாகச் செயல்படுகின்றன. ஒளித்துளையும் ஐஎஸ்ஓ அளவும் இரண்டையும் ஒருசேரப் பாதிக்கும். ஆனால் ஒளிபடு நேரத்தைக் கூட்டினால் வானத்தின் பொலிவு மட்டுமே கூடும். விளக்கு நான்கு நொடிகள் மட்டும் எரிந்திருந்தால், ஷட்டர் பத்து நொடி திறந்திருந்தாலும் இருபது நொடி திறந்திருந்தாலும் அவ்விளக்கு சேர்த்த ஒளி ஒன்றே. வானத்தையும் நிலத்தையும் தனித்தனியாகச் சமன்செய்ய முடிவது இவ்வேறுபாட்டினாலேயே ஆகும்.

தொலைவு

ஒளிச்செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஒரு கைவிளக்கால் 10 மீட்டர் தொலைவிலுள்ள பாறையை நான்கு நொடிகளில் போதிய அளவு தீட்ட முடிகிறது எனக் கொள்வோம். அதே விளக்குக்கு 20 மீட்டர் தொலைவிலுள்ள அதே அளவு பரப்பின் மீது 16 நொடிகளும், 30 மீட்டர் தொலைவில் 36 நொடிகளும் தேவைப்படும். கடைசி அளவு, விண்மீன்களுக்கு உரிய 20 நொடியைத் தாண்டிவிடுகிறது. அந்நிலையில் வலுவான விளக்கைப் பயன்படுத்தலாம், அல்லது நிலத்துக்கென வேறொரு படத்தை எடுத்து இணைக்கலாம். அருகிலுள்ள புல்லும் கல்லும் அளவுக்கு மீறி ஒளிர்வதற்கும் இவ்விதியே காரணம். எனவே தீட்டும்போது அண்மைப் பகுதியை விரைவாகவும் சேய்மைப் பகுதியை மெதுவாகவும் கடக்க வேண்டும்.

திசை

ஒளிப்படக்கருவியின் அருகில் நின்று விளக்கைப் பாய்ச்சினால் நிழல்கள் பொருளின் பின்னே மறைந்து, பாறை தட்டையாகத் தோன்றும். பக்கவாட்டிலிருந்து, கருவியின் பார்வைக் கோட்டுக்கு 45 முதல் 90 பாகை வரையான கோணத்தில் ஒளி விழுந்தால் மேடுபள்ளங்கள் புலப்படும். கல்வெட்டு ஆய்வாளர்கள் தேய்ந்த எழுத்துகளைப் படிப்பதற்குச் சாய்வொளியைப் பயன்படுத்துவதும் இக்காரணம் பற்றியேயாகும்.

நிறம்

அகல் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின் நிறவெப்பநிலை உடையது. டங்சுட்டன் இழை விளக்கு 2700 முதல் 3200 வரையும், நிலவொளி ஏறத்தாழ 4100 கெல்வினும், வெள்ளை எல்இடி கைவிளக்குகள் பல 5000 முதல் 6500 வரையும் உடையவை. வானம் இயல்பாகத் தோன்றக் கருவியின் வெண் சமநிலையை 4000 கெல்வின் அளவில் வைத்தால், எல்இடி ஒளி பாறையை நீலம் பாய்ந்ததாகக் காட்டும். அதனால் விளக்கின் முன் இளமஞ்சள் வடிகட்டித் தாளைப் பொருத்துவது வழக்கம்.

ஒளியூட்டும் முறைகள்

நிலவொளி: எல்லா ஒளியூட்டல்களிலும் இதுவே எளிமையானதும் இடையூறற்றதும் ஆகும். நிலவு தொடுவானுக்கு அருகில் இருக்கும்போது அது பக்கவாட்டு விளக்கு போலச் செயல்படுகிறது. மதுரையில் தை மாத முழுநிலவு நள்ளிரவில் ஏறத்தாழ உச்சிவானைக் கடக்கிறது. அவ்வேளையில் செங்குத்தான பாறை முகங்களில் ஒளி மிகக் குறைவாகவே விழும். அரைநிலவு எழும் அல்லது மறையும் நேரம் இதனினும் ஏற்றது.

ஒளித்தீட்டல்: ஷட்டர் திறந்திருக்கும்போது கைவிளக்கின் ஒளியை நிலத்தின் மீது தொடர்ந்து நகர்த்தும் முறை. விளக்கை ஓரிடத்தில் நிறுத்தினால் வெண்புள்ளி விழும். ஒவ்வொரு முறையும் விளைவு வேறுபடுவதால் பல முறை முயல வேண்டியிருக்கும்.

தாழொளி முறை: ஒளியைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள எல்இடி பலகைகளை மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் இருபுறமும் முக்காலிகளில் பொருத்தி, ஒளிபடு நேரம் முழுவதும் எரியவிடும் முறை. ஒளி மாறாமல் இருப்பதால் ஒரே அமைப்பில் பல படங்கள் எடுக்கலாம். அருகில் நிற்பவரின் கண்ணும் கூசுவதில்லை. 2010களில் இம்முறை பரவலாயிற்று.

பிளாஷ்: நொடியின் சிறு பகுதியே எரிவதால், காற்றில் அசையும் இலைகளையும் மனிதரையும் உறையச் செய்து பதிவு செய்ய ஏற்றது. திடீரெனக் கண்ணைப் பறிப்பதால் உயிரினங்கள் வாழுமிடங்களில் தவிர்க்க வேண்டியது.

ஆளில்லா வானூர்தி: பிரித்தானியக் கலைஞர் ரூபன் வூ 2010களின் பின்பகுதியில் வானூர்தியில் விளக்கைப் பொருத்தி மலைகளை மேலிருந்து ஒளியூட்டிய படங்களால் அறியப்பட்டார். இந்தியாவில் இத்தகைய வானூர்திகளை இயக்குவது 2021 ஆம் ஆண்டின் ஆளில்லா வானூர்தி விதிகளுக்கு உட்பட்டது. மதுரையின் தெற்கில் வானூர்தி நிலையம் உள்ளதால் அப்பகுதியில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு.

தீப்பொறி: உலகின் பல இடங்களில் எஃகு இழைப் பந்தைக் கம்பியில் கட்டி எரியவிட்டுச் சுழற்றிப் படம் எடுக்கின்றனர். தமிழகத்தின் பல ஊர்களில் கார்த்திகைத் திருநாளன்று சிறுவர் சுற்றும் மாவளி இதற்கு முன்னோடி போன்றது. ஆண் பனையின் பூங்கதிரைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே கட்டிக் கனலேற்றிச் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். சில நொடிகள் ஒளிபட்ட படத்தில் அவை முழு வளையங்களாகப் பதிவாகின்றன. வைக்கோற்போர், காய்ந்த புல், பனங்கூட்டம் ஆகியவற்றின் அருகே இதைச் செய்தல் ஆபத்தானது.

மதுரையின் வானம்

மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட குறுக்குக்கோட்டில் அமைந்துள்ளது. ஆதலால் துருவ விண்மீன் வடதொடுவானிலிருந்து 10 பாகை உயரத்தில் மட்டுமே நிற்கும். குன்றுகளோ மரங்களோ அதை எளிதில் மறைத்துவிடும். வட நாடுகளில் எடுக்கப்படும் முழு வட்ட விண்மீன் தடங்களை இங்கு பெறுவது அரிது. மாறாக, கிழக்கிலும் மேற்கிலும் விண்மீன்கள் ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து மறைவதால், தடங்கள் நிமிர்ந்த கோடுகளாக அமைகின்றன.

தென்வானமோ மதுரைக்கு மிகவும் வாய்ப்பானது. தனுசு விண்மீன் குழாமில் உள்ள பால் வழியின் மையம் இங்கு 51 பாகை உயரம் வரை எழுகிறது. அகத்தியர் விண்மீன் 27 பாகையும், தென்சிலுவை ஏறத்தாழ 20 பாகையும் உயர்கின்றன. தென்சிலுவையை மே மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கில் நிமிர்ந்த நிலையில் காணலாம்.

பால் வழியின் மையம் சனவரி இறுதியில் விடியலுக்கு முன் தோன்றத் தொடங்கி, அக்டோபர் வரை ஏதேனும் ஒரு வேளையில் காணக் கிடைக்கிறது. அது கிழக்கிலிருந்து 30 பாகை தெற்கே விலகி எழுந்து, மேற்கிலிருந்து 30 பாகை தெற்கே விலகி மறைகிறது. அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் பெரும்பாலும் மூடியிருக்கும். சனவரி முதல் மார்ச்சு வரை தெளிந்த இரவுகள் மிகுதி.

நகர ஒளியின் திசை

மதுரை, இரவிலும் கடைகளும் சந்தைகளும் இயங்குவதால் தூங்கா நகரம் எனப் பெயர் பெற்றது. நகர விளக்குகளின் ஒளி வளிமண்டலத் தூசியில் சிதறி, தொலைவிலிருந்து பார்க்கும்போது தொடுவானில் ஒளிக்குவை போலத் தோன்றும். வானத்தின் இருளை அளக்க 2001 இல் சான் போர்ட்டில் வகுத்த ஒன்பது படிநிலைகள் கொண்ட அளவுகோல் பயன்படுகிறது. நகர மையத்தில் நின்று பால் வழியைக் காண இயலாது. 2016 இல் வெளியான செயற்கை வானொளி உலக வரைபடத்தின்படி, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால் வழியைக் காண முடியாத நிலையில் உள்ளனர்.

ஒளிக்குவை எந்தத் திசையில் அமைகிறது என்பதைப் பொறுத்தே இடத்தையும் மாதத்தையும் தேர வேண்டும். நகருக்கு வடகிழக்கில் உள்ள அரிட்டாபட்டியிலிருந்து பார்த்தால் மதுரை தென்மேற்கில் இருக்கும். பால் வழியின் மையம் மறையும் திசையும் அதுவே. எனவே அங்கு செப்டம்பர் மாத முன்னிரவைவிட, மையம் தென்கிழக்கில் எழும் மார்ச்சு, ஏப்ரல் மாத விடியற்காலமே ஏற்றது. நகருக்கு மேற்கிலுள்ள கீழக்குயில்குடியிலிருந்து பார்க்கும்போது மதுரை கிழக்கில் அமைவதால் இம்முறை தலைகீழாகும். அங்கு மையம் நகரிலிருந்து விலகி மறையும் ஆகத்து, செப்டம்பர் மாத முன்னிரவுகள் பொருத்தமானவை.

குறிப்பிடத்தக்க நிலத்தோற்றங்கள்

யானைமலை: நகரின் வடகிழக்கில், படுத்திருக்கும் யானை போன்ற தோற்றமுடைய நீண்ட பாறைக் குன்று. நகர ஒளியே இதன் தெற்கு, மேற்கு முகங்களைச் சிறிது விளக்குவதால், இங்கு தனியே ஒளி சேர்க்க வேண்டிய தேவை குறைவு. குன்று மிகப் பெரிதாதலால் கைவிளக்கால் தீட்டுதல் பயன் தராது.

சமணர் மலை: கீழக்குயில்குடியில் உள்ளது. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் உள்ளன. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் சமணப் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. காற்றில்லாத இரவில் குளத்து நீரில் விண்மீன்கள் எதிரொளிப்பதைப் பதிவு செய்யலாம். ஆலமரத்தின் விழுதுகளுக்குப் பின்புறமிருந்து மங்கிய ஒளியைச் செலுத்தினால் அவை தனித்தனியே புலப்படும்.

வண்டியூர் தெப்பக்குளம்: 17 ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரால் அமைக்கப்பட்டது. தை மாதத் தெப்பத் திருவிழாவின்போது மைய மண்டபமும் தெப்பமும் விளக்குகளால் ஒளிர்கின்றன. இங்கு விண்மீன்கள் அல்ல, நிலவும் விளக்குகளின் எதிரொளியுமே படத்தின் பொருளாகின்றன.

அரிட்டாபட்டி: மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிமீ தொலைவில் உள்ளது. ஏழு குன்றுகளும் அவற்றிடையே நீர்நிலைகளும் கொண்ட இவ்வூரில் தமிழி கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ளன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.42 எக்டேர் நிலப்பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியை உள்ளடக்கிய டங்சுட்டன் சுரங்கத் தொகுதியின் ஏலம் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மக்கள் போராட்டத்தையும் சட்டமன்றத் தீர்மானத்தையும் தொடர்ந்து 2025 சனவரி 23 அன்று ஒன்றிய அரசு அதனை நீக்கியது. இக்குன்றுகளின் இரவுத் தோற்றம் இன்றும் படமெடுக்கக் கிடைப்பது அதனாலேயாகும்.

உயிரினங்கள் மீதான தாக்கம்

ஒளியூட்டல் குறித்த முதன்மையான எதிர்ப்பு சூழலியல் சார்ந்தது. இருண்ட வானத்தைத் தேடிச் செல்பவரே அவ்விருளைக் கலைப்பவராகவும் ஆகிவிடுகிறார். அரிட்டாபட்டியின் பாறைகளில் லகுடு வல்லூறு, சாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு முதலிய கொன்றுண்ணிப் பறவைகள் வாழ்கின்றன. வல்லூறுகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் பாறை விளிம்புகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. விடியற்காலப் பால் வழியைத் தேடி ஒளிப்படக் கலைஞர்கள் வரும் பருவமும் இதுவே. பாறை முகத்தில் திடீரென விழும் ஒளியால் தாய்ப்பறவை இருளில் கூட்டை விட்டுப் பறந்தால், முட்டையோ குஞ்சோ கேடுறக்கூடும். இப்பகுதியில் வாழும் தேவாங்கு, மங்கிய ஒளிக்கேற்ற பெரிய கண்களை உடைய இரவாடி ஆகும். வலுவான விளக்கு அதன் பார்வையைச் சிறிது நேரம் குலைத்துவிடும். தேவாங்கு 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

எனவே கூடுள்ள பாறைகளையும் உயிரினங்களையும் நோக்கி ஒளி பாய்ச்சாமை, பிளாஷ் விளக்கைத் தவிர்த்தல், தேவையான நொடிகளுக்கு மட்டும் விளக்கை எரித்தல், இயன்றவரை நிலவொளியைப் பயன்படுத்தல் ஆகியன கடைப்பிடிக்கத்தக்கவை. நடமாட்டத்துக்கு மங்கிய சிவப்பு விளக்கே போதுமானது. இருளுக்குப் பழக மனிதக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். சிவப்பொளி அப்பழக்கத்தைக் குறைவாகவே கலைக்கிறது.

அனுமதியும் பாதுகாப்பும்

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றிலுள்ள குகைத்தளங்களும் சிற்பங்களும் தொல்லியல் துறைகளின் பாதுகாப்பில் உள்ளன. இத்தகைய இடங்களில் பொதுவாகப் பகலில் மட்டுமே நுழைய முடியும். முக்காலி கொண்டு படமெடுக்க முன் அனுமதி தேவைப்படலாம். காப்புக்காடுகளில் இரவில் நுழைய வனத்துறையின் அனுமதி கட்டாயமாகும். ஆதலால் பெரும்பாலான படங்கள் குன்றுகளின் மீது ஏறாமல், அடிவாரச் சாலைகள், கண்மாய்க் கரைகள், வயல்கள் ஆகியவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன. இருளில் பாறைகளில் ஏறுதல், மூடப்படாத கற்குழிகள், பாம்புகள் ஆகியன கருத்தில் கொள்ள வேண்டிய இடர்கள். இடத்தைப் பகலில் ஒருமுறை பார்த்து வைத்தலும், ஊராரிடம் வருகையைத் தெரிவித்தலும் நலம். நள்ளிரவில் குன்றில் அசையும் விளக்கு ஊராருக்கு ஐயத்தை ஏற்படுத்துவது இயல்பே.

உண்மைத்தன்மை பற்றிய விவாதம்

வானத்துக்கு ஒரு படமும் நிலத்துக்கு வேறொரு படமும் எடுத்துக் கணினியில் இணைப்பது இன்று பரவலாக உள்ளது. ஒரே இடத்தில், கருவியை நகர்த்தாமல், ஒரே இரவில் எடுத்தவற்றை இணைப்பதைப் பலர் ஏற்கின்றனர். வேறிடத்து வானத்தை ஒட்டுவதையோ, அத்திசையில் தோன்றவே இயலாத பால் வழியைச் சேர்ப்பதையோ, குறிப்பின்றிச் செய்தால் பெரும்பாலோர் ஏற்பதில்லை. வட திசை நோக்கிய ஒரு மதுரைப் படத்தில் பால் வழியின் மையம் காணப்படுமானால், அது இணைக்கப்பட்டது என விண்ணியல் அறிந்தவர் உடனே கண்டுகொள்வர். படத்துடன் இடம், நாள், ஒளிபடு நேரம், சேர்த்த ஒளி, இணைத்த படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடுவதே இவ்விவாதத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஒளிப்படவியல்
ஒளி மாசு
பால் வழி
அரிட்டாபட்டி
சமணர் மலை
மாவளி